வெள்ளி பூசிய முளைப்பாரி

தேவாரம் ஊரில் அம்மன் திருவிழாவின் கடைசி நாள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு இருட்டறைக்குள் நுழைந்த பவுனு அப்படியே நின்றுவிட்டாள். தெருவுக்காக அவள் வீட்டில் வளர்த்த ஏழு முளைப்பாரிச் சட்டிகளில் ஆறுதான் இருந்தன. ஏழாவது இருந்த இடத்தில் வட்டமாக ஈரம். பக்கத்தில் ஒரு செருப்புத் தடம், இடது கால் இழுபட்ட தடம்.

விரதமிருக்கும் பெண்கள் மட்டுமே நுழையும் அறை அது. வெயிலே படாமல் எட்டு நாள் வளர்ந்த பயிர், வெளுத்த மஞ்சளாய் ஒரு சாண் உயரம் நிற்கும். சாயங்காலம் ஊர்வலமாகப் போய்க் கண்மாயில் கரைக்கிறவரை ஆண்கள் அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

காணாமல் போனது பவுனுவின் பாரி. மூன்று வருஷத்துக்கு முன் கிணறு வெட்டும்போது வெடி முந்திக்கொண்டதில், அவள் புருஷன் சுருளியாண்டி பெரியகுளம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கண் திறக்காமல் கிடந்தான். 'ஆத்தா, அந்த மனுசன எந்திரிக்க வையி. மூணு வருசம் ஒனக்குப் பாரி எடுக்குறேன்' என்று நேர்ந்துகொண்டாள். எழுந்தான். இடது கால் மட்டும் இழுத்தது. இது மூன்றாவது வருஷம். இன்றைக்குக் கரைத்துவிட்டால் நேர்த்தி தீரும்.

பக்கத்து வீட்டு மூக்கம்மாள் வாசலில் நின்று மென்று முழுங்கினாள். "சுருளியண்ணன்தான்டி ஈரத்துணி போட்டு மூடி எடுத்துக்கிட்டுப் போனாக. சினிமாக்காரங்க ஜீப்பு வந்து நின்னுச்சு. நீதான் குடுத்து விட்டேன்னு நெனச்சேன்."

"சினிமாக்காரங்களுக்கு எதுக்குடி பாரி?"

"யாருக்குத் தெரியும்? வேற கிரகம்னு சொல்லி நம்ம பாறைக்காட்டத்தான் புடிக்கிறாகளாம். அங்கன சாமி இல்லாமப் போச்சோ என்னவோ."

பவுனு கூந்தலைக்கூட முடிந்துகொள்ளவில்லை. விரதக்காரி என்பதால் செருப்பும் இல்லை. மேற்கே இரண்டு மைல் நடந்தாள். பாறை சுட்டது, அவளுக்கு உறைக்கவில்லை.

மலையடிவாரத்தில் தகர ராக்கெட் ஒன்று நின்றது. அதற்கு முட்டுக்கொடுத்திருந்த மூங்கில்கள் பின்பக்கம் தெரிந்தன. பாறையெல்லாம் சிவப்புப் பொடி. வெள்ளி உடுப்பும் தகரத் தலையுமாகக் கிரகவாசிகள் நான்கு பேர். நடுவில் பெரிய பெரிய விளக்குகளின் வெளிச்சத்தில் அவளுடைய பாரி! பயிர்மேல் வெள்ளிப் பொடியை ஊதிவிட்டிருந்தார்கள்.

கதாநாயகன் அதன்முன் மண்டியிட்டான். "நண்பர்களே! இங்கே உயிர் இருக்கிறது!"

"யாரு உசுருன்னு தெரியுமாய்யா ஒனக்கு?" பவுனு கேமராவுக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"கட்! கட்!" டைரக்டர் குதித்தார். "யாரும்மா நீ?"

அவள் நான்கு தகரத் தலைகளையும் வரிசையாகப் பார்த்தாள். ஒன்று மெதுவாகப் பின்வாங்கியது. இடது கால் இழுத்தது.

"யோவ், வாய்யா இங்கன."

கல்யாணமான நாளிலிருந்து மச்சான் என்றுதான் அவள் கூப்பிட்டிருக்கிறாள். தகரத்துக்குள்ளிருந்து அண்டாவுக்குள் பேசுவதுபோல் குரல் வந்தது. "பவுனு, சத்தம் போடாத புள்ள. எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும். ஆம்பள பாக்கக் கூடாததையே வெளக்குப் போட்டுக் காட்டிட்ட. இன்னும் மறைக்க என்ன இருக்கு?"

"மெட்ராசுலருந்து வந்த பிளாஸ்டிக் செடி வெயில்ல வளைஞ்சு தொங்கிருச்சு. டைரக்டரு தலையில கைய வச்சு உக்காந்துட்டாக. எங்க வீட்டுல இருக்குன்னு வாய விட்டுட்டேன். ஊராரு பாரியத் தொடலடி. நம்மளோடத மட்டுந்தான் எடுத்தேன்."

அந்த 'நம்மளோடத'தான் அவளைப் பற்ற வைத்தது.

"நம்மளோடதா? அது ஒன் உசுருய்யா! பதினோரு நாள் ஆஸ்பத்திரித் தரையில உக்காந்து ஆத்தாகிட்ட மடியேந்தி வாங்குனது. அதுக்கு வெள்ளி பூசி வேடிக்க காட்டுறியா? தகரத் தலைய மாட்டினதும் உள்ள இருந்த மூளையும் தகரமாப் போச்சா?"

விளக்குக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். டைரக்டர் கைகூப்பினார். "அம்மா, செடி பிரமாதம். இன்னும் மூணே ஷாட். ஹீரோ இன்னிக்கே மெட்ராஸ் போகணும். அப்புறம் எடுத்துட்டுப் போங்க."

"செடியாம் செடி!" பவுனு புருஷன் பக்கமே திரும்பினாள். "நான் தொட மாட்டேன். எடுத்தவன்தான் கொண்டாந்து சேக்கணும். பொழுது சாயறதுக்குள்ள தலையில ஏத்திக்கிட்டு ஊருக்கு வா. இல்லையா, இந்தக் கிரகத்துலயே குடியிருந்துக்க. வீட்டுல ஒனக்கு ஒலை வைக்க ஆளில்ல."

மறுநாள் சுருளியாண்டிக்கு ஒரு வரி வசனம் தருவதாக டைரக்டர் சொல்லியிருந்தார். மூன்று நாளாக மாட்டுக்கொட்டத்தில் ரகசியமாகச் சொல்லிப் பழகியிருந்தான். டைரக்டரைப் பார்த்தான். வெந்து சிவந்திருந்த பவுனுவின் பாதங்களைப் பார்த்தான். தகரத் தலையைக் கழற்றிப் பக்கத்து ஆள் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை உதறிவிட்டு, பாரியைத் தூக்கித் தலையில் வைத்தான். உடுப்பைக் கழற்ற வழியில்லை. முதுகில் ஊசிநூலால் தைத்தே மாட்டியிருந்தார்கள்.

பின்னாளில் அந்தப் படம் வருஷக்கணக்கில் ஓடியது. அவ்வளவு அழகான செடியை எந்த நாட்டிலிருந்து வரவழைத்தார்கள், அது ஏன் ஒரே நொடியில் மறைந்துவிடுகிறது என்று பத்திரிகையில் கேள்வியெல்லாம் வந்தது. தேவாரத்துக்காரர்கள் யாரும் பதில் எழுதவில்லை.

அன்று சாயங்காலம் ஆறு பெண்களுக்குப் பின்னால் ஏழாவதாக ஒரு வெள்ளி மனுஷன் நடந்தான். பூசாரி மறித்தார். "ஆம்பள பாரி தூக்குறதாவது?"

"ஆம்பள களவாண்டா ஆம்பளதான் தூக்கணும்," என்றாள் பவுனு. "ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

தெருவே சிரித்தது. சுருளியாண்டி தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூக்கம்மாள்தான் முதலில் குலவையிட்டாள். மற்றவர்கள் சிரிப்பை விட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள்.

கண்மாயில் இடுப்பளவுத் தண்ணீரில் அவன் பாரியை இறக்கினான். வெள்ளிப் பொடி மிதந்து விலக, உள்ளே பழைய மஞ்சள் தெரிந்தது. அப்போதுதான் பவுனு அதில் கை வைத்தாள். இருவருமாக அமிழ்த்தினார்கள்.

"கோவம் போயிருச்சா பவுனு?"

"போகல. திரும்பு."

திரும்பினான். அவள் எட்டி, அவன் பிடரியில் இருந்த தையலைப் பல்லால் கடித்தாள். பட்டென்று நூல் அறுந்தது.

"இன்னும் பாதிகூடப் பேசல நான். வீட்டுக்கு வா."