சேட்டின் தொப்பை

சேட்டுக்குத் தொப்பை போட்டுவிட்டது என்று கார்கானாவே சிரித்துக்கொண்டிருந்தது. சேட்டு என்பது பூனை. ஒரு வயதுகூட நிரம்பாத மஞ்சள் கடுவன். தோல் பை தைக்கும் அந்தத் தாராவிப் பட்டறையில், துண்டுத் தோல் குவியல்மேல் முதலாளி மாதிரிச் சாய்ந்து கிடப்பதால் மாரீஸ்வரி அதற்கு வைத்த பெயர்.

"வேலை கிடையாது, வேளைக்கு மீனு. தொப்பை வராம என்ன செய்யும்?" என்றாள் பக்கத்து மெஷினில் தைக்கும் ஹாஃபிஸா.

மாரீஸ்வரியும் சிரித்துக்கொண்டே குனிந்து அதன் முதுகைத் தடவினாள். கை அப்படியே நின்றுவிட்டது. முதுகெலும்பு கணுக்கணுவாக விரலில் இடறியது. காது சட்டி மாதிரிச் சுட்டது. காலையில் வைத்த மீன் தொடாமல் கிடந்தது.

"இது தொப்பை இல்லட்டி. உடம்பு வத்திட்டு, வயிறு மட்டும் வீங்குது."

உடனே புருஷன் வேல்ராஜுக்குப் போன் போட்டாள். "ஏங்க, ஆட்டோவை ஜல்தியா கொண்டாங்க. சேட்டுக்கு என்னமோ ஆயிட்டு."

"பூனைக்கா? நான் சவாரியில இருக்கேன்லா!"

"எறக்கிவிட்டுட்டு நேரா வாங்க."

பூனை என்றாலே முகம் சுளிக்கிற மனுஷன்தான். ஆனால் அவளுடைய குரல் அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. துணிப்பைக்குள் சேட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை. சயான் சிக்னலில் ஹாரனை விடாமல் அமுக்கிச் செம்பூருக்குப் பறந்தான்.

செம்பூரில் பூனை, நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஸ்வீட்டிக்குப் பூர்வீகம் நாசரேத். சேட்டின் வயிற்றை ஒரு பக்கம் தட்டி, மறுபக்கம் கை வைத்துப் பார்த்தார்.

"உள்ள தண்ணி கோத்திருக்கு அக்கா. காய்ச்சலும் இருக்கு. ரெண்டு சந்தேகம் வருது. ஒண்ணு கான்சர். இன்னொண்ணு ஒரு வைரஸ். பூனைங்களுக்கு வர்ற கொரோனா, நமக்கு வந்தது இல்ல. முக்கால்வாசிப் பூனைக்கு அது சாதாரண வயித்துப்போக்கோட போயிடும். சிலதுக்கு உள்ளயே உருமாறிப் பூனை உயிரை எடுத்துடும்."

"எங்களுக்கு ஒட்டுமா?" என்றான் வேல்ராஜ்.

"ஒட்டாது அண்ணா."

வயிற்றில் குத்திய ஊசியில் ஏறிய நீர் மஞ்சளாக, முட்டை வெள்ளைக்கரு போல இழுபட்டது. டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு வினிகர் கலந்தார். "இப்ப இந்த நீரை இதுல விடுறேன். கரைஞ்சு போனா அந்த வைரஸ் இல்லன்னு ஓரளவு சொல்லலாம்."

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். சொட்டு விழுந்தது. கரையவில்லை. வெள்ளை நூலை இழுத்துக்கொண்டு மெல்ல அடியில் போய் உட்கார்ந்தது.

"அப்போ செத்துருமா டாக்டரம்மா?"

"சில வருஷத்துக்கு முன்னாடின்னா ஆமான்னுதான் சொல்லியிருப்பேன். இப்ப மாத்திரை இருக்கு அக்கா! கான்சர்லயும் சில நேரம் சொட்டு இப்படி நிக்கும். அதனால நீரை லேபுக்கு அனுப்புறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் இவன் தாங்க மாட்டான். மருந்தை இன்னைக்கே ஆரம்பிப்போம். நான் நினைக்கிற நோயா இருந்தா, ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் இறங்கணும்."

பூனைகளுக்கு ரத்தப் புற்றைக் கொண்டுவரும் இன்னொரு வைரஸுக்கும் அங்கேயே சோதனை செய்தார். அது இல்லை.

மாத்திரை கொடுப்பது பெரும் போராக இருந்தது. வேல்ராஜ் துண்டில் சுருட்டிப் பிடிக்க, மாரீஸ்வரி வாயைத் திறக்க, சேட்டு இருவரையும் பிறாண்டித் தள்ளியது. மறுநாளும் காய்ச்சல் அப்படியேதான் இருந்தது.

அதற்கடுத்த நாள் கார்கானாவைத் திறந்தபோது தோல் குவியல்மேல் சேட்டைக் காணோம். சாகப்போகிற பூனை ஒளிந்துகொள்ளும் என்று யாரோ சொன்னது மாரீஸ்வரிக்கு நினைவு வந்தது. மெஷினடி, தகரச் சந்து, சாக்கடையோரம் எல்லாம் தேடினாள். அப்போது மேலே மாலா என்கிற பரணிலிருந்து சோற்று டப்பா உருளும் சத்தம்.

"ஐயோ, என் பொம்பில் மீனு!" என்று அலறினாள் ஹாஃபிஸா.

மாரீஸ்வரி ஏணியில் ஏறினாள். பொரித்த மீனின் நடுவே உட்கார்ந்து, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று உறுமிக்கொண்டே தின்றுகொண்டிருந்தது சேட்டு! காதைத் தொட்டாள். சூடு இல்லை. "திங்கான்! ஹாஃபிஸா, திங்கான்ட்டி!" என்று அங்கிருந்தே கத்தினாள். டப்பாவைப் பறிகொடுத்தவளும் கீழே நின்று கைதட்டினாள்.

அன்று மாலையே லேபிலிருந்தும் செய்தி வந்தது. நீரில் புற்றுச் செல் இல்லை.

டாக்டர் மட்டும் அவசரப்படவில்லை. "தேறிட்டான்னு நடுவுல நிறுத்திடாதீங்க. மூணு மாசம் விடாம கொடுக்கணும். எடை கூடக் கூட மாத்திரை அளவையும் கூட்டணும்."

அப்படியே செய்தார்கள். வாரா வாரம் எடை போட வேல்ராஜே கொண்டுபோனான். வயிறு வற்றியது, முதுகில் சதை பிடித்தது. மருந்தை நிறுத்திய பிறகும், நோய் திரும்புகிறதா என்று அதே அளவு காலம் காத்திருந்தார்கள். மழை வந்து ஓய்ந்தது. கடைசி ரத்தப் பரிசோதனை முடிந்து டாக்டர் பேசியதும், மாரீஸ்வரி புருஷனின் எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்தினாள்.

"ஏங்க, நோய் சுத்தமா போயிட்டாம்! இனிமே பயமில்லயாம்!"

போனில் குர்லா ரோட்டின் இரைச்சல். அதற்கு மேலே, சேட்டு பாஸாகிவிட்டது என்று இந்தியில் கூவும் வேல்ராஜின் குரல். "பாஸ் ஹோ கயா! சேட்டு பாஸ் ஹோ கயா!"

பின்சீட்டுச் சவாரி, ஏதோ பிள்ளையின் பரீட்சை என்று நினைத்து, "முபாரக் ஹோ! கோன்சி கிளாஸ்?" என்று வாழ்த்தி, எந்த வகுப்பு என்று கேட்பது மாரீஸ்வரிக்குத் தெளிவாகக் கேட்டது.

வேல்ராஜ் யோசித்து, சேட்டை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தான்.

"பெஹ்லி," என்றான்.