பதினேழாம் வீட்டு அடுப்பு

ஊரில் எல்லோரும் அவளை அடுப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று அங்கே இருநூறு வீடுகளுக்குப் புகையில்லா அடுப்பு கொடுத்திருந்தது. காடும் பிழைக்கும், பெண்களின் நெஞ்சும் பிழைக்கும் என்று சொன்னார்கள். அடுப்பு எரிகிறதா என்று வீடு வீடாகப் பார்த்துப் படிவம் நிரப்புவது அவளுடைய வேலை.

ஊர்ப் பெண்கள் லேசுப்பட்டவர்களா என்ன! மூன்று வேளையும் அதில்தான் சமைக்கிறோம் என்று முகம் மலரச் சொல்வார்கள். பின்னால் பழைய கல்லடுப்பு குபுகுபுவென்று புகைந்துகொண்டிருக்கும். அவளும் சிரித்துக்கொண்டே 'ஆம்' என்று குறித்துக்கொள்வாள். தலைமை அலுவலகத்துக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது. ஒவ்வொரு அடுப்பின் உள்ளடியிலும் தீப்பெட்டி அளவில் ஒரு சூடுமானியைப் பொருத்தச் சொன்னார்கள். இரவு பகலாகச் சூட்டைக் குறித்து அனுப்பும் கருவி அது.

கருவி அனுப்பிய சேதி அடுப்பக்காவின் படிவத்தைப் பொய்யாக்கியது. நூற்றுத் தொண்ணூற்றொன்பது அடுப்புகள் ஜில்லென்று கிடந்தன. மாதக் கடைசியில் திட்டத்துக்கு மூடுவிழா என்று பேச்சு அடிபட்டது. மூடிவிட்டால் அவள் பழையபடி நகரத்துத் தையல் ஆலைக்குத்தான் போக வேண்டும். விடுதியில் படுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, பெற்ற மகளுக்கே விருந்தாளியாக நிற்க வேண்டும். முன்பு அப்படி வந்தபோது பிள்ளை யாரோ எவரோ என்று மாமியாரின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பியது. மிச்சமிருந்த அந்த ஓர் அடுப்பு, பதினேழாம் எண் வீட்டில், இருபது நாளாக ஒரு நிமிஷம்கூட அணையவில்லையாம். ஏறாமல் இறங்காமல் ஒரே இளஞ்சூடாம். இவ்வளவு சிக்கனமாகத் தீயைக் காக்கும் குடும்பத்தை நேரில் பார்க்க நாளைக்கே ஓர் அதிகாரி வருகிறார், திட்டத்தின் தலையெழுத்தை அவரே முடிவு செய்வார் என்று எழுதியிருந்தது.

பதினேழாம் எண் அவளுடைய சொந்த வீடு. ஊர் அடுப்பையெல்லாம் எட்டிப் பார்த்தவள் தன் வீட்டு அடுப்பை மட்டும் பார்க்காமலே குறித்துவந்திருந்தாள்.

விழுந்தடித்துக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தாள். பின்கட்டு மூலையில், அடுப்பின் வாய்க்குள், பன்னிரண்டு முட்டைகளை அணைத்தபடி மாமியாரின் பெட்டைக்கோழி மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினாள். நறுக்கென்று ஒரு கொத்து.

"அதுகிட்ட போகாத. நாளைக்குக் குஞ்சு பொரிக்கிற நாள்" என்றார் மாமியார், இருமலுக்கு நடுவே.

அவள் கெஞ்சினாள், கொஞ்சினாள், வேலை போய்விடும் என்று அழுதும் பார்த்தாள். மாமியார் அசைந்து கொடுக்கவில்லை. அடைக்கோழியைக் கிளப்பினால் அத்தனையும் கூமுட்டையாகிவிடும் என்று ஒரே பிடிவாதம்.

மறுநாள் அதிகாரி அம்மாள் வந்தார். ஒட்டகம் மாதிரி உயரம், நிலைப்படியில் இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டார். அணையாத தீயைத் தரிசிக்க மண்டியிட்டு அடுப்புக்குள் எட்டிப் பார்த்தார். கோழி அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கொத்தியது. பிறகு அதன் இறக்கைக்கு அடியிலிருந்து ஈரக் குஞ்சு ஒன்று, இன்னொன்று, அப்புறம் ஒரு கூட்டமே கீச்கீச்சென்று வெளியே வந்தது.

அதிகாரி அம்மாள் எழுந்திருக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்தபடியே, ஏன் இதில் சமைக்கவில்லை என்று கேட்டார். அவருடைய மொழியை இவர்களுக்கும் இவர்கள் பேச்சை அவருக்கும் சொல்ல அங்கே அடுப்பக்காவை விட்டால் ஆளில்லை.

"என் பானை அதுமேல உக்காராதும்மா" என்றார் மாமியார். "ஒம்போது பேருக்கு ஆக்குற பானை. வந்தவங்க எல்லாரும் அடுப்பத்தான் பாத்தாங்க. பானைய ஒருத்தரும் பாக்கல."

நேற்றுவரை இதில்தான் சமைத்தோம், கோழி இன்றைக்குத்தான் உள்ளே போனது என்று மாற்றிச் சொல்லிவிடலாமா என்று அடுப்பக்காவுக்குத் தோன்றியது. பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் மாமியார் மறுபடி இருமினார், கண்ணில் நீர் கோக்கும்வரை. அடுப்பக்கா மூச்சை இழுத்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தாள். தொலைந்தது வேலை என்று மனதுக்குள் மூட்டை கட்டவும் தொடங்கினாள்.

அதிகாரி அம்மாள் இரண்டு பக்கம் எழுதினார், ஒரு குஞ்சைத் தடவிக் கொடுத்தார், நிலைப்படியில் மூன்றாம் முறை இடித்துக்கொண்டு போனார்.

மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. அடுப்புத் திட்டம் மூடப்பட்டது. அந்த இரண்டு பக்கம் எந்தெந்த மேஜையில் புரண்டதோ, பானையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மக்களின் ஆர்வத்தைக் கண்டறிந்து கோழி வளர்ப்புத் திட்டம் தொடங்குகிறோம், களப்பணியாளர் இரண்டு வருஷம் தொடரலாம் என்று இருந்தது. அவள் மகளைத் தூக்கி மூச்சுமுட்ட முத்தம் கொடுத்தாள்.

வீட்டுக்கொரு இரும்புக் கூண்டு வந்து இறங்கியது. முழங்கால் உயரம், அகன்ற மேல்வாய், முன்னால் ஒரு கதவு, நாற்றம் போகக் கூரைவரை ஒரு குழாய். மாமியார் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உள்ளே போய்ப் பானையைத் தூக்கிவந்து மேலே வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. கதவு வழியே விறகைச் செருகிப் பற்றவைத்தார். புகை சமர்த்தாகக் குழாய்க்குள் ஏறிக் கூரைக்கு மேலே போனது.

ஒரே வாரத்தில் சங்கதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கோழிகள் புகையில்லா அடுப்புகளில் நிம்மதியாக அடைகாத்தன. மாமியாரின் இருமல் பாதியாகக் குறைந்தது.

புதுப் படிவம் வந்தது. கூண்டு பயன்பாட்டில் உள்ளதா என்று முதல் கேள்வி. மகள் மடியில் ஏறிப் பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள். அவளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, அடுப்பக்கா முதல்முறையாக மனசாட்சி உறுத்தாமல் எழுதினாள்: ஆம், மூன்று வேளையும்.