விரலால் போட்ட கையெழுத்து

நீங்கள் எங்களை விட்டுப் போவதில் வருத்தம் என்று மின்சாரக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. நெரிடா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் எங்கும் போகவில்லை. போர்ட் பிரீ ஊரில் அதே ஆறு வீட்டுக் குடியிருப்பில், அதே மூன்றாம் எண் வீட்டில்தான் இருந்தாள். கடிதமோ, நீங்கள் வேறு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டீர்கள், கடைசி பில் பின்னால் வரும் என்றது.

யாரோடு போட்டாள்? எப்போது போட்டாள்?

போன வாரம் ஒரு விற்பனைக்காரன் வந்தது ஞாபகம் இருந்தது. வெயிலில் முகம் சிவந்து நின்றவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பகலுக்கு ஒரு விலை, மாலைக்கு ஒரு விலை, முதல் வருடம் தள்ளுபடி என்று அவன் ஏதேதோ சொன்னான். வேண்டாம் என்று சொன்னதாகத்தான் நினைவு. ஆனால் அதே நாள் பார்சல்காரனும் வந்திருந்தான். அவன் நீட்டிய டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டாள். மருந்துக்கடையிலும் அப்படித்தான் போடுகிறாள். எல்லோரும் ஒரே மாதிரி கறுப்புப் பலகையைத்தான் நீட்டுகிறார்கள். பேனா பிடித்திருந்தால் கைக்காவது நினைவிருக்கும். விரலால் கிறுக்கியதை எங்கே போய்த் தேடுவது?

அடிலெய்டில் இருக்கும் மகள் கெரினிடம் போனில் சொன்னது தப்பாகப் போயிற்று. முதியோர் இல்லத்தில் ஓர் இடம் காலியாகிறது, வெள்ளிக்கிழமை அதில் சேருவதற்கான பேப்பரோடு வருகிறேன் என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். குழாயை மூட மறந்தது, டாக்டரிடம் போக வேண்டிய நாளை மறந்தது எல்லாம் அவள் கணக்கில் இருந்தன. இப்போது இதுவும் சேர்ந்தது. நன்றாக யோசித்துப் பார், போட்டிருப்பாயோ என்று அவள் மெல்லக் கேட்கக் கேட்க, போட்டிருப்பேன் போலிருக்கிறது என்று நெரிடாவும் சொல்லிவிட்டாள்.

பத்து வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று கெரின் சொல்லியிருந்தாள். ஆனால் ரத்து செய்தால் போட்டது உண்மை என்றாகிவிடும். அப்புறம் வெள்ளிக்கிழமை எதை வைத்து மறுப்பது? அதனால் மறுநாள் மின்சாரப் புகார்களைக் கேட்கும் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அங்கிருந்த பெண் அவசரப்படாமல் கேட்டாள்.

"போடலைன்னு நீங்க நிரூபிக்க வேண்டாம்மா. நீங்க சம்மதிச்சீங்கன்னு அவங்கதான் காட்டணும். அது இருக்கட்டும், உங்க மீட்டர் தனியா இருக்கா, எல்லா வீட்டுக்கும் ஒரே பெட்டியா?"

ஒரே பெட்டி என்றாள் நெரிடா. அப்படிப்பட்ட இடங்களில் ஒருவர் போட்ட ஒப்பந்தம் இன்னொருவர் மீட்டரில் போய் விழுவதுண்டு, உங்கள் எண் போட்ட ஸ்விட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள் என்றாள் அந்தப் பெண்.

நெரிடா வெளியே போய், மூன்று என்ற தகட்டுக்குக் கீழிருந்த ஸ்விட்சை அணைத்தாள். திரும்பி வந்தால் சமையலறையில் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. விளக்கும் எரிந்தது. இதைக்கூடச் சரியாகச் செய்யத் தெரியவில்லையா என்று தன்னையே நொந்துகொண்டாள். மறுபடி போய்ப் பார்த்தாள். மூன்றுதான். அணைந்துதான் இருந்தது.

அதற்குள் நாலாம் வீட்டு பெவன் பனியனோடு வெளியே வந்தார். முன்பு லாரி ஓட்டியவர். இப்போது முழுநேரமும் டிவியில் குதிரைப் பந்தயம்.

"ஏம்மா நெரிடா, என் குதிரை முன்னால வந்துட்டு இருந்துச்சு. ஜெயிச்சுதா இல்லையான்னு இனி யாரைப் போய் கேக்கறது?"

"நான் என் வீட்டு ஸ்விட்சைத்தானே அணைச்சேன்."

"உன் வீட்டுல ரேடியோ பாடுது. என் வீடு இருட்டிக் கெடக்கு. நல்லா அணைச்சே, போ."

இருவரும் பெட்டியைப் பார்த்தபடி நின்றார்கள். போன மாதம் அதற்குப் பெயின்ட் அடித்தார்கள். எண் தகடுகளைக் கழற்றி வைத்தவன் மூன்றையும் நாலையும் மாற்றி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அது புரிந்த பிறகும் நெரிடாவுக்கு ஒன்று புரியவில்லை.

"பெவன், அந்த கரண்ட் கம்பெனி ஆள் உன் வீட்டுக்கும் வந்தானா?"

பெவன் தரையைப் பார்த்தார். "வந்தான். தள்ளுபடின்னான். போட்டுக் குடுத்தேன்."

"படிச்சுப் பாத்தியா?"

"மூக்குக்கண்ணாடி உள்ள இருந்துச்சு. அவன் காட்டின எடத்துல போட்டேன். அப்புறம் இங்க வந்து ஏதோ நம்பர் குறிச்சுக்கிட்டான்."

அவன் குறித்தது நாலு என்ற தகட்டின் கீழ் இருந்த மீட்டரின் எண்; அது நெரிடாவின் மீட்டர். அவள் மனதுக்குள் அதை ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். கையெழுத்து பெவனுடையது, கம்பெனி மாறியது தன் மீட்டருக்கு. பெவனின் ஸ்விட்சைப் போட்டுவிட்டு உள்ளே போய், கெரினுக்குப் போன் செய்தாள்.

கெரின் முழுவதும் கேட்டாள். "நீதானே அம்மா, போட்டிருப்பேன்னு சொன்னே?"

"சொன்னேன். நீ கேட்ட கேள்வில எனக்கே அப்படித் தோணிடுச்சு. நான் போடல, கெரின்."

"சரி. அப்போ வெள்ளிக்கிழமை நான் வரவா, வேண்டாமா?"

"வா. அந்தப் பேப்பரை மட்டும் கொண்டு வராதே."

பேப்பர் பேச்சை விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை என்ன சமைக்கப்போகிறாய் என்று கெரின் கேட்டாள்.