ஏழாம் அத்தியாயத்துப் பச்சை விளக்கு

பல்கேரியக் குழந்தைகளுக்கு இருளின் மொழியைக் கற்றுக்கொடுத்தவர் வெனெலின் கராஸ்தோயானோவ். யாரோ போகிறபோக்கில் சொன்னதல்ல இது. நகர நூலகத்தின் வாசலில், வெண்கல நாய்ச் சிலையின் பீடத்தில், பொன்னெழுத்தில் வெட்டிவைத்திருக்கிறார்கள். போன இலையுதிர் காலத்தில் கண்ணழுத்த நோய் அவருக்கு மிச்சமிருந்த பார்வையையும் துடைத்துக்கொண்டு போன பிறகு, அக்கா சோன்கா ஒருநாள் அவரைக் காற்று வாங்க அந்தப் பக்கம் அழைத்துவந்தாள். அப்போது அதே வெண்கல நாயின் நீட்டிய வாலில் இடித்துக்கொண்டு விழுந்து, இருளின் மொழியைக் கற்றுக்கொடுத்தவருக்கு முன்பல் பாதி உடைந்தது.

அந்த வெண்கல நாயின் பெயர் ஒர்ஃபி. ‘ஒர்ஃபியின் கண்கள்’ நாவலைப் படிக்காமல் அந்த நாட்டில் யாரும் ஐந்தாம் வகுப்புக்குப் போனதில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், முப்பத்து நான்கு பதிப்பு. பட்டாசு வெடித்துப் பார்வை இழந்த மிலேனா என்ற பத்து வயதுச் சிறுமிக்கு ஒர்ஃபி என்ற வழிகாட்டி நாய் கிடைக்கிறது. நான்காம் அத்தியாயத்தில் அவள் விரல்களால் அப்பாவின் முகத்தைத் தடவிப் ‘பார்க்கிறாள்’. ஆசிரியைகள் அந்த இடத்தில் கைக்குட்டை எடுப்பார்கள். ஏழாம் அத்தியாயத்தில் ஒர்ஃபி சாலை விளக்கு பச்சையாவதைப் பார்த்து, அவளை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து, தானாகவே ஊரின் மறுகோடியில் உள்ள மருத்துவமனைக்கு அம்மாவிடம் கொண்டு சேர்க்கிறது. அதற்கு ஆசிரியைகள் இரண்டாவது கைக்குட்டை வைத்திருப்பார்கள்.

இப்போது எழுபத்தொரு வயதில், வழிகாட்டி நாய்ப் பள்ளியின் முற்றத்தில், வெனெலின் கையில் நிஜமான ஒரு நாயின் சேணப் பிடி இருந்தது. நாயின் பெயர் போசா. பேக்கரிகளில் போசா என்று விற்கும் கெட்டியான தானியப் பானத்தின் அதே மங்கல் பழுப்பு நிறமாம்; பயிற்சியாளர் கலினா சொன்னாள். பெயரைக் கேட்டதுமே வெனெலினுக்கு முகம் சுருங்கிவிட்டது. தன்னிடம் கேட்டிருந்தால் புராணத்திலிருந்து நாலு பெயர் கொடுத்திருப்பாரே!

நிமிர்ந்து நின்று, வானொலிக் குரலில் சொன்னார்: “தோழியே, என்னைப் பேக்கரிக்கு அழைத்துச் செல்.”

போசா உட்கார்ந்து பின்னங்காலால் காதைச் சொறிந்தது. சேணத்தின் வழியாக அந்தச் சொறிதல் அவர் தோள்வரை வந்தது.

“ஐயா, அது டாக்ஸி இல்ல” என்றாள் கலினா. “பேக்கரி எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியணும். நேரா, வலது, இடதுன்னு நீங்க சொல்லணும். குழி, கம்பம், வண்டி இதெல்லாம் அது பாத்துக்கும்.”

“அப்ப ஒர்ஃபி...”

“ஐயா, நானே அந்தப் புத்தகத்தைப் படிச்சிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தேன்” என்றாள் கலினா. அவள் குரலில் பக்தியும் பழைய வலியும் கலந்திருந்தன. “வந்த புதுசுல மூணு வாரம் ஒரு நாயைச் சிக்னல் முன்னாடி நிக்கவச்சு, சிவப்பு பச்சை கத்துக்குடுத்தேன். மொத்தப் பள்ளிக்கூடமும் வேடிக்கை பாத்துச்சு. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பாக்க வராதாம். மூணு வாரம் கழிச்சுத்தான் சொன்னாங்க.”

வெனெலின் தனக்கு வந்த வாசகர் கடிதங்களை நினைத்துப் பார்த்தார். முப்பத்து நான்கு பதிப்பில் ஒரு கடிதம்கூட இதைச் சொல்லவில்லையே. வந்த கடிதமெல்லாம் ‘அழுதேன்’ என்றுதான் சொல்லியது.

இந்த நாய் கிடைக்காவிட்டால் அவருக்குச் சோன்கா வீட்டுக் கண்ணாடித் தாழ்வாரம்தான் கதி. முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடிகளுக்கும் பழைய தையல் எந்திரத்துக்கும் நடுவே ஒரு கட்டில். சோன்கா அவர் தட்டில் இறைச்சியை வெட்டிக்கொடுப்பாள். யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் தம்பியைப் பார்த்துக்கொண்டே, “தூங்குறான்” என்பாள். வெளியே போனால் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, “வென்கோ, படிடா. வென்கோ, இன்னொரு படிடா” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி எண்ணுவாள். அவருடைய சொந்த வீடு மூன்றாம் மாடியில் பூட்டிக் கிடந்தது. தனியாக வெளியே போய்வர முடிந்தால் சாவியைத் தருகிறேன் என்று சோன்கா சொல்லியிருந்தாள். முடியாது என்ற நிம்மதியில் சொன்ன சொல் அது.

இரண்டு வாரப் பயிற்சி. கடைசி நாள் தேர்வு. தேர்வில் மூன்று தப்பு செய்தால் நாய் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். நாய் அசிங்கம் செய்ததைச் சுத்தம் செய்வதும் தேர்வில் சேர்த்தி என்று கலினா சொன்ன நாளில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “பையை எடுத்ததும் மொதல்ல ஊதிப் பாக்கணும் ஐயா. அப்புறம் கையில உறை மாதிரி மாட்டிக்கிட்டு, தடவி எடுத்து, உள்வெளியாத் திருப்பி முடிச்சுப் போடணும். சூடா இருக்கும், கண்டுபிடிக்கிறது சுலபம்.” இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒர்ஃபி ஒருமுறைகூடக் குந்தியதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அவரோடு பயிற்சிக்கு வந்திருந்த இன்னொருத்தி ஸ்லாத்கா. பிறவியிலேயே பார்வையில்லாதவள், வெந்நீர் ஊற்று ஊர் ஒன்றில் உடம்பு பிடித்துவிடும் தொழில். இது அவளுக்கு மூன்றாவது நாய். முதல் நாள் சாப்பாட்டு மேசையில் வெனெலின் தன் வழக்கப்படி, அதாவது தன் நாயகியின் வழக்கப்படி, அவள் பக்கம் கையை நீட்டினார்.

“உங்கள் முகத்தைப் பார்க்கலாமா?”

விரல் அவள் மூக்கில் பட்டதுதான் தாமதம், பட்டென்று ஓர் அடி விழுந்தது.

“கையை எடுய்யா! பாலாடைக்கட்டி வச்ச பனீத்சா தின்ன கை, எண்ணெய் வழியுது. உனக்கு என் மூஞ்சி எதுக்கு? பேசினாப் புரியாதா?” கொஞ்சம் நிறுத்தி, “ஏய், இரு. இந்தக் குரலை நான் வானொலில கேட்டிருக்கேன். அந்தப் புத்தகக்காரரா நீங்க?” என்றாள்.

வெனெலின் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

“அட கடவுளே” என்றாள் ஸ்லாத்கா. “கலினா, இங்க வாடி. முகம் காட்டும் நாளுக்குக் காரணமானவரு இவருதான்டி!”

அப்புறம் அவள் சொன்னதை வெனெலின் ரொட்டியைப் பிடித்த கை பிடித்தபடியே கேட்டார். அவள் படித்தது பார்வையற்றோர் பள்ளி. புத்தகம் வந்த பிறகு அங்கே வருகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, குனிந்து, முகத்தைக் கொடுக்க ஆரம்பித்தார்களாம். தொட்டுப் பார் குழந்தே, என்பார்களாம். பஞ்சாலை நிர்வாகி, பாடகி, ஓய்வுபெற்ற தளபதி. சவரம் செய்யாத முகம், பவுடர் அப்பிய முகம், சளி பிடித்த முகம்.

“தொட்டுட்டு ‘நீங்க ரொம்ப நல்லவரு’ன்னு சொல்லணும், அதான் எங்க பாடம். தளபதி அழுதுட்டாரு. என் கை முழுக்க ஈரம். அன்னிக்கெல்லாம் எங்களுக்கு ரெண்டு தடவ சோப்பு குடுப்பாங்க. உங்க புத்தகத்தால எங்களுக்குக் கிடைச்ச ஒரே நன்மை அந்தச் சோப்புதான்.”

“நான் ஆராய்ச்சி செய்துதான் எழுதினேன்” என்றார் வெனெலின், ஈனஸ்வரத்தில்.

“என்ன ஆராய்ச்சி?”

மனைவியின் கழுத்துத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் இருட்டில் இருந்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கட்டிய அரை மணியில் சோபாவில் தூங்கிப்போனதை எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

ஸ்லாத்கா மெல்லுவதை நிறுத்தாமல் பேசினாள். “ஏழாம் அத்தியாயம் எனக்கு மனப்பாடம். பதினோரு வயசுல, காவல்காரரோட நாயைக் கயித்துல கட்டிக்கிட்டுக் கேட்டுக்கு வெளிய போனேன். அது நின்னுச்சு, நானும் நின்னேன். அது ஓடுச்சு, சரி, பச்சை விழுந்துடுச்சுன்னு நானும் ஓடினேன். அந்தப் பக்கம் ஒரு பூனை இருந்திருக்கு.” சிரித்தாள். “லாரிக்காரன் நல்லவன், திருப்பிட்டான். இடுப்புலதான் பட்டுச்சு. நாலு மாசம் மாவுக்கட்டு. நான் நடக்கறப்ப ‘டக்’குனு ஒரு சத்தம் கேக்குதில்ல? அதுதான். சூப்பு ஆறுது, குடிங்க.”

வெனெலின் குடிக்கவில்லை. வந்ததிலிருந்து அந்தச் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ கட்டைச் செருப்பு போட்டிருக்கிறார்கள் என்று எண்ணியிருந்தார். இன்னும் எத்தனை ஊரில், எத்தனை வாசலில், எத்தனை கயிறு? அன்று முழுதும் அவர் வானொலிக் குரலில் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிக்காரர்கள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து எலுமிச்சைத் தேநீர் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒழுங்காகக் கற்றார். போசா நடைபாதை விளிம்பில் நிற்கும். அவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். தான் போக வேண்டிய திசையிலேயே பக்கத்தில் போகும் வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்டால் ‘முன்னே’ என்பார். வண்டி வந்தால் போசா மறுக்கும்; மறுத்தால் மறு பேச்சுக் கூடாது. பதின்மூன்று நாளில் அவர் இரண்டு கம்பத்தில் மட்டுமே இடித்துக்கொண்டார், இரண்டும் அவர் தப்பு.

தேர்வு நாள் மே இருபத்து நான்கு என்று வைத்தது பள்ளி இயக்குநரின் யோசனை. எழுத்துத் திருநாளாயிற்றே. நூலகத்தின் எதிர்ப்புறத்திலிருந்து மாபெரும் எழுத்தாளர் தன் நாயோடு சாலையைக் கடந்து ஒர்ஃபி சிலைக்கு வருவார், மேயர் வரவேற்பார், தொலைக்காட்சி வரும், நான்காம் வகுப்புக் குழந்தைகள் அறுபது பேர் பூக்கொத்தோடு ஏழாம் அத்தியாயத்தை ஒப்பிப்பார்கள். “கூட்டம் வேணாம் சார், தேர்வு இது” என்று கலினா சொன்னதை இயக்குநர் மலர் ஏற்பாட்டு மும்முரத்தில் காதில் வாங்கவில்லை.

கடக்கும் இடத்துக் கம்பத்தில் ‘டிக் டிக்’ என்று ஒலிக்க வேண்டிய கருவி ஈஸ்டரிலிருந்து பழுது. போசா விளிம்பில் நின்றது. வெனெலின் காதைத் தீட்டினார். இரண்டு கார். ஒரு மோட்டார் சைக்கிள். எதிர்ப்புறம் மைக்கில் மேயர் தும்மினார். ஸ்லாத்கா எங்கோ இடதுபக்கம் நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

அறுபது குழந்தைகளும் ஒரே குரலில் தொடங்கினார்கள். “ஒர்ஃபி நின்றான். உலகமே நின்றது. பிறகு, மிலேனாவின் இருளுக்குள் பச்சை விளக்கு...”

முப்பது ஆண்டுகளாகப் பள்ளி பள்ளியாகப் போய் அந்த வரியைப் படித்தவர் அவர். ‘பச்சை விளக்கு மலர்ந்தது’ என்னும்போது வலது காலை ஓரடி முன்னே வைத்துக் கையை நீட்டுவார்; எல்லா மேடையிலும் அதுதான் பழக்கம். மனசு வேண்டாம் என்றது. கால் கேட்கவில்லை.

“முன்னே!” என்றார், வானொலிக் குரலில்.

போசா அசையவில்லை.

கூட்டம் பார்க்கிறது. தொலைக்காட்சி பார்க்கிறது. பல்கேரிய இலக்கியத்தின் முகத்தில் ஒரு பழுப்பு நாய் கரி பூசுகிறதா? “முன்னே என்றேனே!” என்று காலைத் தூக்கினார்.

போசா குறுக்கே வந்து முழங்காலில் முழு எடையையும் சாய்த்தது. அவர் பின்னால் சரிந்து நடைபாதையில் உட்கார்ந்தார். அதே கணத்தில், சத்தமே இல்லாமல், மின்கம்பியில் ஓடும் ஒரு டிராலிபஸ் அவர் மூக்குக்கு முன்னால் போயிற்று. அது அவருக்குக் காற்றாகத்தான் தெரிந்தது. வெதுவெதுப்பான, ரப்பர் வாசனையடிக்கும், மிக நீளமான காற்று. அது முடியவே மாட்டேன் என்றது.

குழந்தைகளின் குரல் ‘மலர்ந்த’ வரை வந்து அறுந்தது. ஒரு சிறுமி மட்டும் தெளிவாகக் கேட்டாள்: “டீச்சர், பஸ் வந்துச்சே, இவரு ஏன் போனாரு?”

வெனெலின் கைகள் தரையில் இருந்தன. எழுதிய கைகள். இடதுபக்கம் விதை கொறிக்கும் சத்தம் நின்றிருந்தது. ‘டக்’, ‘டக்’ என்று நாலு அடி கேட்டது.

“எந்திரிங்க” என்றாள் ஸ்லாத்கா, மெதுவாக. “எனக்குப் பூனை. உங்களுக்கு மைக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.”

பின்னாலிருந்து கலினாவின் குரல் காகிதம்போல உலர்ந்து வந்தது. “ரெண்டு தப்பு ஐயா. ஒண்ணு காது குடுத்துக் கேக்காமச் சொன்னது. இன்னொண்ணு நாய் மறுத்த பிறகும் சொன்னது. இனி ஒண்ணு வந்தா...”

“தெரியும்மா” என்றார். எழுந்தார். எதிர்ப்புறம் பார்த்து, வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்னார்: “பிள்ளைங்களா, தயவுசெஞ்சு யாரும் அதைப் படிக்காதீங்க. நான் கேக்கணும்.”

சதுக்கம் அடங்கியது. நெடுநேரம் நின்றார். பக்கத்தில் அவர் போகும் திசை வண்டிகள் உறுமிக் கிளம்பின. “முன்னே” என்றார், சின்னக் குரலில். போசா நடந்தது. பதினாறு அடி. எதிர் விளிம்பு. படி. கல் தரை. யாரோ ஒருவர் கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். மூன்றாம் மாடியும் சாவியும், தொலைபேசியில் தானே பேசப்போகும் பேச்சும் அவர் நெஞ்சில் ஒரே சமயத்தில் முட்டின.

பீடத்தின் அருகே போசா நின்று, பின்புறத்தைத் தாழ்த்தியது. வெண்கல ஒர்ஃபியின் முன்னங்காலடியில், பொன்னெழுத்துகளுக்குக் கீழே, அவசரமில்லாமல் முடித்தது.

“கடைசி அம்சம், ஐயா” என்றாள் கலினா.

சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் பையை உருவினார். அதை உடனே வலது கையில் மாட்டிக்கொண்டு குனிந்தார். தடவினார். சூடாக இருந்தது, கலினா சொன்னதுபோலவே சுலபமாகக் கிடைத்தது. உள்வெளியாகத் திருப்பினார், முடிச்சுப் போட்டார், இடது கையில் தூக்கிப் பிடித்தார். மறுபடி கைதட்டல். கலினாவின் நோட்டுப் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

அதற்குள் மேயர் வந்துவிட்டார். அவரும் நான்காம் வகுப்பில் அந்தப் புத்தகத்தைப் படித்தவர்தான். தழுதழுத்த குரலில், “மாபெரும் எழுத்தாளரே, என் முகத்தைப் பாருங்கள்!” என்று குனிந்து, வெனெலினின் வலது கையை இரண்டு கைகளாலும் பற்றித் தன் கன்னத்தில், நெற்றியில், மீசையில் வைத்து அழுத்தினார். வெனெலின் கையை இழுத்தார், மேயர் விடவில்லை. கேமரா நெருங்கி வந்தது. கைதட்டல் பாதியில் அறுந்தது. ஸ்லாத்கா மட்டும் மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள், பிறகு இன்னொருமுறை உறிஞ்சினாள்.

பையில் ஓட்டை இருந்தது.