ஸ்வெயின்

மெயினருவியில் குளிக்கப் போன சங்கரேஸ்வரி, தன் போனை மதினி அனுசியாவின் பையில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அது அடித்தது. அனுசியா கை வைப்பதற்குள் அவள் புருஷன் வேல்ராஜ் அதைப் பையிலிருந்து எடுத்துவிட்டான். சீசன் டியூட்டியில் காக்கி நனைய நின்ற போலீஸ்காரன், மனைவியையும் தங்கையையும் பார்க்க டீக்கடைப் பக்கம் ஒதுங்கியிருந்தான்.

திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெயர். எழுத்துக் கூட்டிப் பார்த்தான். "யாரை ஸ்வைன், பன்னின்னு போட்டு வச்சிருக்கா? ஸ்பெல்லிங்கும் தப்பு."

"அது பன்னி இல்லங்க. ஸ்வெயின். ரொம்பப் பழைய சொல்லு."

அடித்து ஓய்ந்தது போன்.

"பழசுன்னா? அர்த்தம் என்ன?"

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள் தெரியாது என்றால் எடுபடாது. "மொதல்ல வேலைக்காரப் பையனைச் சொன்னாங்க. பெறகு ஆடு மேய்க்கிற பட்டிக்காட்டுப் பையனை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வேல்ராஜ் தன் போனில் அந்தச் சொல்லைத் தட்டினான். அவன் தாடை இறுகுவதை அனுசியா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"லவ்வர்னு போட்டிருக்கு."

"அந்தக் காலத்துல கவிதை எழுதுனவங்க ஆட்டுக்காரனையே காதலனாக்கிட்டாங்க. எம்.ஏ.ல அவளுக்கு அதான் பாடம்."

"தெரிஞ்சுக்கிட்டே பாதியை முழுங்கிட்டுச் சொல்லுதியே."

மறுபடியும் அதே பெயர் அடித்தது. அவன் விரல் பச்சைப் பொத்தானுக்குப் போனது. போன வருசம் பக்கத்துத் தெருவில் இப்படி ஒரு போனால்தான் ஒருத்தியின் படிப்பு நின்றது. அனுசியா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"ஏன் முழுங்குனேன்னு கேளுங்க. பயம்."

"யாருகிட்ட?"

"உங்ககிட்டதான்."

அவன் அவளையே பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை. விரல் தானாகக் கீழே இறங்கியது.

ஈரத்தலையோடு வந்த சங்கரேஸ்வரி, அண்ணன் கையில் தன் போனைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"பேரு என்ன?" என்றான்.

"மணிமுத்து. கீழப்பாவூர். நம்ம ஆளு இல்ல அண்ணே."

சாரல் விடாமல் தூறியது. அருவிப் பக்கமிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் போனைத் தங்கையிடம் நீட்டினான்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லு. பேசணும்." இரண்டடி நடந்தவன் நின்றான். "யூனிபாரம் போட்டிருக்க மாட்டேன்னு சொல்லு."

அவன் போன பிறகும் சங்கரேஸ்வரி போனைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். அனுசியா துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.