பாலசிங்கத்துக்குத் தவறிய பாடம்

உழைக்கிறவர்களுக்குப் பல்கலைக்கழகம் எப்படிப் பாடநெறி நடத்தலாம் என்று ஆலோசனை கேட்டிருந்தார்கள். நான் ஒரே வரி எழுதினேன்: ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு தடவை நடத்துங்கள். காரணம் கூறப்படவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணமா வேண்டும்? இரத்தம் தெறித்த காரணமே இருக்கிறது. ஆறுதலாக இருந்து வாசிக்கட்டும்.

1976இல் திருகோணமலைத் துறைமுகத் தொழிலாளருக்கென்று மேற்பார்வையாளர் பாடநெறி ஒன்றைப் பல்கலைக்கழகத்தார் தொடங்கினார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில், நான் பௌதிகம் படிப்பிக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு. இரத்தினேஸ்வரி ரீச்சராக இருந்த நான் திடீரென்று வருகை விரிவுரையாளர் ஆனேன். பட்டம் பெரிதுதான், வெண்கட்டி மட்டும் என் காசில்.

துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. சனிக்கிழமையென்று கப்பல் காத்திருக்காது. ஒவ்வொரு கிழமையும் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. வராதவர்களுக்கு அதே பாடத்தை ஞாயிற்றுக்கிழமையும் நடத்துகிறேன் என்று எழுதினேன். ஒதுக்கீடு இல்லை என்றார்கள். சும்மாவே நடத்துகிறேன் என்றேன். விதியில் இடமில்லை என்றார்கள். அந்த விதியை எழுதினவர் ஒரு நாளாவது மூட்டை தூக்கியிருப்பாரா தெரியாது.

பாலசிங்கம் கப்பலில் கயிற்றால் பாரம் தூக்கும் விஞ்ச் இயந்திரம் ஓட்டுபவர். துறைமுகத்திலேயே வேகமான கை அவருடையது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பெயரில் அவருக்குப் பெருமையும் இருந்தது. முந்திய வருடம் சீனி மூட்டைக் கட்டொன்று கயிறு அறுந்து கப்பலின் அடித்தளத்தில் விழுந்தபோது, கீழே நின்ற அவருடைய தம்பி கதிரவேல் நசுங்கிச் செத்துப்போனான். அன்றைக்குக் கங்காணி இராசையா அளவுக்கு மிஞ்சி மூட்டை கட்டுவித்தார் என்பது துறைமுகம் முழுக்கத் தெரிந்த கதை. விசாரணையில் மட்டும் விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

முதல் நாளே பாலசிங்கம் என்னிடம் வந்து நின்றார்.

"ரீச்சர், எனக்குச் சேட்டிபிக்கற் வேண்டாம். இராசையாதான் என்ர தம்பியைச் சாக்காட்டினவன் எண்டு கணக்கிலை காட்டப் படிப்பிச்சுத் தாங்கோ. விசாரணையைத் திரும்பத் திறக்க வைப்பன்."

அதே வகுப்பில் இராசையாவும் இருந்தார். சேட்டிபிக்கற் இல்லாவிட்டால் கங்காணி வேலை போய்விடும். இருவரும் ஆளுக்கொரு மூலை. வெளியில் அடிபாடு. துறைமுக வாசலில் பாலசிங்கம் கங்காணியின் பல்லை உடைத்தார். கங்காணி அவரைத் தார் றோட்டில் போட்டு மிதித்தார். பிறகு ஒரு நாள் சந்தையில் பாலசிங்கம் முகத்தில் குத்தியபோது மட்டும் இராசையா திருப்பி அடிக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். குற்றம் உறுத்துகிறது என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கு முந்திய சனிக்கிழமை நான் நடத்திய பாடம் திடீர் இழுவை. தொய்ந்து கிடக்கும் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால், கயிற்றுக்குப் பாரம் இரண்டு மடங்காகத் தெரியும். இராசையா முன்வாங்கில் இருந்து கேட்டார். பாலசிங்கம் அன்று ஷிப்டில் நின்றார்.

அடுத்த வகுப்பு அனுபவப் பாடம். மாணவரின் சொந்த அனுபவமே பாடப்புத்தகம் என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. பாலசிங்கம் எழும்பித் தம்பி செத்த கதையைச் சொன்னார். மூட்டைகளின் பாரத்தைக் கரும்பலகையில் கூட்டினேன். அளவு மிஞ்சியிருந்தது உண்மைதான். ஆனால் மெதுவாகத் தூக்கினால் அந்தக் கயிறு அதையும் தாங்கும். பிறகு ஏன் அறுந்தது? அன்றைக்கு விஞ்ச் பிடித்தவர் பாலசிங்கம்தான். எப்படித் தூக்கினீர்கள் என்று கேட்டேன்.

"வழமை போலத்தான் ரீச்சர். ஒரே இழுப்பு."

இராசையா பாய்ந்து வந்து கரும்பலகையை உதைத்தார். அது சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது. மறைக்கப் பார்க்கிறான் என்று யாரோ கத்தினார்கள். பாலசிங்கத்தின் இடுப்பில் மூட்டை தூக்கும் கொளுக்கி இருந்தது. வேலையிலிருந்து நேரே வருகிறவர்கள் அதோடுதான் வருவார்கள். ஒரே வீச்சு. இராசையாவின் காது கிழிந்து தொங்கியது. சின்னப் பிள்ளைகளின் படம் ஒட்டிய சுவரெல்லாம் இரத்தம். வகுப்பிலிருந்த கிண்ணியா ஹிஸ்புல்லாவும் வேறு மூன்று பேரும் இராசையாவை நிலத்தில் அமுக்கிப் பிடித்தார்கள்.

"வேண்டாம் ரீச்சர், நிப்பாட்டுங்கோ," என்றார் அவர், நிலத்தில் கிடந்தபடி.

"செய்யுங்கோ ரீச்சர். மிச்சத்தையும் செய்யுங்கோ," என்றார் பாலசிங்கம்.

எனக்கு ஆத்திரம் வந்தது. பாதிப் பலகையை நிமிர்த்தி வைத்துத் தொடர்ந்து எழுதினேன். கணக்கு எங்கே போய் நிற்கப்போகிறது என்று நடுவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தியிருந்தால் பொய் சொன்னவளாவேன். எழுதி முடித்தேன். இன்றைக்கும் எழுதுவேன். வெடுக்கென்று இழுத்த இழுப்பில் பாரம் இரட்டித்தது, கயிறு அறுந்தது.

பாலசிங்கம் அதை மெதுவாக வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"அப்ப, என்ர கையோ?"

வலது கையை மேசையில் விரித்து வைத்தார். இடது கையால் கொளுக்கியை ஓங்கி இறக்கினார். அது உள்ளங்கையைத் துளைத்து மேசையில் இறங்கியது. நாங்கள் எல்லோரும் மரமாக நின்றோம். பிடித்திருந்தவர்களை உதறி எறிந்துவிட்டு இராசையாதான் ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். பாலசிங்கம் தலையால் அவர் நெஞ்சில் மோதிக்கொண்டே இருந்தார். இராசையா விடவில்லை.

மறுநாள் காதில் கட்டோடு இராசையா என் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"உங்கட பாடம் கேட்ட அண்டைக்கே எனக்கு விளங்கிப்போச்சு ரீச்சர். அவனுக்குத் தெரியவே கூடாதெண்டு நினைச்சனான். ஆனா நான் கூடக் கட்டாட்டி அவன்ர இழுப்புக்குக் கயிறு அறுந்திராது. நீங்கள் பாதியைத்தான் எழுதினீங்கள். மிச்சத்தையும் அவனுக்குப் படிப்பியுங்கோ."

உடனே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. விதியில் இடமில்லாத அதே நாள். கட்டிலருகில் இருந்து திடீர் இழுவையை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். பாரம் அளவோடு இருந்தால், அதே இழுப்புக்கும் கயிறு தாங்கும். கூடக் கட்டியதும் வெடுக்கென்று இழுத்ததும் சேர்ந்த இடத்தில்தான் கதிரவேல் செத்தான். வாட்டு வாசலில் இராசையா உள்ளே வராமல் நின்றார்.

பாலசிங்கம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொருக்காச் செய்து காட்டச் சொன்னார். செய்தேன். கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கப் பார்த்தார். கட்டுப் போட்ட கை எழும்பவில்லை. அந்தக் கை பிறகு விஞ்ச் பிடிக்கவே இல்லை.

ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு தடவை நடத்தச் சொன்ன காரணம் இதுதான்.