மெஷினுக்குச் சோறு

விடியுமுன் ஸ்ரீதரன் எழும்பினான். பாயைச் சுருட்டினான். முகம் கழுவினான். கேத்தல் கொதித்ததும் தேயிலையைப் போட்டு வடித்து, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்துக்கொண்டு நின்றபடியே குடித்தான். மில்லின் பலகைக் கதவுகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தான். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தான். மெஷினைத் திறந்து, முந்தின நாள் மிளகாய் அரைத்த சல்லடையை உருவி எடுத்தான். உள்ளே பிரஷ் போட்டான். தும்மினான். மாவுச் சல்லடையை மாட்டி மூடினான். சுவிட்சைப் போட்டு, தகரப் பேணியிலிருந்து ஒரு பிடி அரிசியை மெஷினின் வாயில் போட்டான். கீழே செந்தூளாக விழுந்தது. வாரிக்கொண்டுபோய் வாழைமரத்தடியில் கொட்டினான். இன்னொரு பிடி போட்டான். இளஞ்சிவப்பு. அதையும் கொட்டினான். அடுத்தது வெள்ளையாக விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தான். காரமில்லை.

செவ்வாய்க்கிழமை. மாவு நாள்.

கொடகவெல றோட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி ஏறும் முடக்கில் இருந்தது மில். ஒரே அறை, ஒரே மெஷின். சட்டங்கள் எல்லாம் அவன் மனைவி விஜயகலா வைத்தவை. செவ்வாயும் வெள்ளியும் மாவு மட்டும். மற்ற நாட்களில் மிளகாய், மல்லி. சல்லடை மாற்றியதும் காரம் போகும்வரை மில்லின் சொந்த அரிசியைப் பிடி பிடியாக அரைத்து வீச வேண்டும். ஒருவர் கொண்டுவந்தது அவருக்கே போக வேண்டும். தரையில் சிந்தியதைக் கூட்டி அள்ளி அடுத்தவர் பையில் சேர்க்கக் கூடாது. வேறு மில்களில் சிந்தின மாவே ஒரு வியாபாரம். இவளோ கையிலிருந்த அரிசியை வாழைக்குப் போட்டாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். “கலா மெஷினுக்குச் சோறு ஊட்டுறா, பாருங்கடி” என்றார்கள். சிரித்துவிட்டு, கைக்குழந்தைக்குச் சத்துமா அரைக்க அவளிடம்தான் வந்தார்கள். கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண்களும் சிவப்பரிசியும் பயறும் வறுத்துத் துணியில் முடிந்துகொண்டு, தேயிலைக்குள்ளால் குறுக்கு வழி ஏறி வந்தார்கள்.

போன மாரியில் அவளுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. மில் சாக்குகளை ஓடையில் அலசும்போது தொற்றியிருக்கலாம் என்றார் டொக்டர். ஒரு கிழமைக்குள் அவள் போய்விட்டாள்.

ஸ்ரீதரன் பட்டதாரி. ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தவன். நியமனம் வரவில்லை, மில் இருந்தது. அவள் செய்ததையெல்லாம் அவள் செய்தபடியே செய்துகொண்டு போனான். துக்கம் என்று ஒன்றும் தெரியவில்லை. மரத்துப்போன கையால் பொருளைத் தூக்குவது போல, நாட்களைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறியபோது வாசலில் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். முதலில் நின்றவள் மேல் லயத்துப் புஷ்பம், இடுப்பில் பிள்ளையோடு. அப்போதுதான் முடக்கில் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து விஜயகலாவின் அண்ணன் கஜேந்திரன் குதித்தான். அவனுடைய தாய் மருதாயி இறங்கவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்தே மருமகனைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கஜேந்திரன் கொழும்பில் புடவைக் கடையில் நின்றவன். அடையாள அட்டையில் தோட்டத்து விலாசத்தைப் பார்த்துப் பார்த்து, சந்தேகத்தில் பொலிஸ் அடிக்கடி பிடித்துக்கொண்டு போனது. கடை முதலாளிக்கு அது தொல்லையாகப் போக, போய்விடு என்றார். திரும்பி வந்தவனிடம் வேலை இல்லை, கோபம் மட்டும் நிறைய இருந்தது.

“மச்சான், எடம் விடுங்க. சாக்கு எறக்கணும்.”

“என்ன சாக்கு?”

“மொளகா.”

ஸ்ரீதரன் ஒரு சாக்கின் வாயை விரித்துப் பார்த்தான். கறுத்துப் பூஞ்சணம் பிடித்த மிளகாய் கொஞ்சம், காம்பு கொஞ்சம், மீதியெல்லாம் உமி. மேலே ஒரு பையில் சிவப்புச் சாயப்பொடி.

“இது மொளகா இல்ல.”

“அரைச்சா மொளகாதான். பலாங்கொட மொதலாளி மாசம் பூரா சரக்குத் தர்றேங்கிறாரு. வெள்ளெலி மாதிரி மாவுக்குள்ள உக்காந்து என்னத்தக் கண்டீங்க? கரண்டு பில்லுக்கே முக்குது ஒங்க மில்லு.”

“இன்னைக்கு மாவு நாளு.”

“அது அவ இருந்தப்ப.”

“நான் அரைக்க மாட்டேன்.”

“ஏன்?”

ஸ்ரீதரன் சாக்கின் வாயை மூடினான். “மாட்டேன்” என்றான்.

கஜேந்திரன் பெண்களின் பக்கம் திரும்பினான். “கேட்டீங்களா? கேம்பசு வரைக்கும் போயிப் படிச்ச ஆளு. ஏன்னு கேட்டா பதிலு இல்ல.”

“ஏய் கஜேந்திரா,” என்றாள் புஷ்பம், “எம்புள்ளைக்கு மாவ அரைச்சிட்டு அப்புறமா அடிச்சிக்கிட்டுச் சாவுங்க. பசில கத்துது.”

கீழ்க் கிராமத்துச் சிங்கள நோனா ஒருத்தி ஒன்றும் விளங்காமல், “மஹத்தயா, இன்னைக்கு அரைக்கிறதில்லையா?” என்று சிங்களத்தில் கேட்டாள். அரைப்போம் நோனா, கொஞ்சம் இருங்க என்று அவளிடம் ஸ்ரீதரன் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது.

கஜேந்திரன் ஒரு வாளி நிறைய அள்ளி மெஷினின் வாயில் கொட்டிவிட்டான்.

மாவுச் சல்லடையின் கண்கள் நெருக்கமானவை. காம்பும் உமியும் போய் அடைத்ததும் மெஷின் முக்கியது, பெல்ட் வழுக்கிக் கருகல் நாற்றம் அடித்தது. எல்லா இடுக்கிலிருந்தும் சிவப்புப் புழுதி கிளம்பி அறை முழுதும் நிறைந்தது. பெண்கள் பிள்ளைகளின் முகத்தைச் சேலையால் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஸ்ரீதரன் சுவிட்சை அணைத்தான்.

“தூ!” என்றாள் புஷ்பம் வெளியிலிருந்து. துப்பியது கஜேந்திரனைப் பார்த்தல்ல, ஸ்ரீதரனைப் பார்த்து. “ஆம்பளயா நீங்க? மரம் மாதிரி நிக்கிறீங்க. அவ இருந்திருந்தா வெளக்கமாத்தால வெரட்டியிருப்பா!”

கஜேந்திரன் ஸ்ரீதரனுடைய சட்டையைப் பிடித்தான். “என்னா மொறைக்கிறீங்க? எங்கம்மா காசு இந்த மெஷினு. நீங்க குடுத்தது என்னா? சட்டிபிக்கட்டா?”

சத்தத்துக்கு மருதாயி இறங்கி வந்தாள். கொழுந்துக் கூடை சுமந்து சுமந்து கழுத்து முன்னால் வளைந்த பெண். இருமிக்கொண்டே வந்தவள், மகனின் கையை எடுத்துவிட்டாள். சண்டையை விலக்குவதற்காக அல்ல, தானே பேசுவதற்காக.

“நல்லாக் கேட்டுக்கங்க மாப்ள. கொழுந்து ஆஞ்சு, அட்டக்கடி பட்டு, கடைசில வேலைய விட்டப்ப கெடைச்ச சேமலாபக் காசு. எம்மக கேட்டான்னு குடுத்தேன். ஒங்களுக்குக் குடுக்கல. இந்த மில்லுச் சாக்க அலசப் போயித்தான அவ செத்தா? நீங்க உள்ள குந்திப் பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தீங்க, அவ தண்ணிக்குள்ள நின்னா.”

ஸ்ரீதரன் பேப்பர் படித்ததும் அவள் தண்ணீரில் நின்றதும் நடந்ததுதான்.

“ஒங்க காசுதாங்க அத்தை” என்றான்.

“அப்ப அரைச்சுக் குடுங்க. இல்லாட்டி மெஷினக் குடுங்க.”

“கழட்டித் தர்றேன். கொண்டுபோங்க. இங்க வச்சு இத அரைக்க விட மாட்டேன்.”

அவன் ஸ்பனரை எடுத்துக்கொண்டு மெஷினின் காலடியில் குந்தினான். முதல் நட்டு துருப்பிடித்திருந்தது. வாசலில் பெண்கள் கூச்சல் போட்டார்கள். மெஷின் போனால் நாங்கள் எங்கே போவது, பஸ் ஏறிப் போய் எவன் மில்லிலோ மிளகாய்க் காரத்தோடு பிள்ளைக்கு மாவு வாங்கி வருவதா என்று. அந்தக் கூச்சலிலும் பாதி வசவு அவனுக்குத்தான்.

எதிர்ப்பக்கம் சில்லறைக் கடை வைத்திருந்த, எல்லாரும் நானா என்று கூப்பிடும் ஸம்சுதீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மில் அறை அவருடையது. ஸ்ரீதரனைக் கையைப் பிடித்து எழுப்பிப் பின்பக்கம், வாழைமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

“என்ன தம்பி இது? சும்மா தூக்கிக் குடுக்கப் போறீங்களா?”

“அவங்க காசு, நானா.”

“காசு சரி. அந்த மனிசி மகள்ட பேருக்குத்தான் அடங்குவா. ஒரு சொல் செல்லுங்க. மில்ல அண்ணன்ட கையில குடுக்க வாணாம்னு கலா கடைசியா செல்லிட்டுத்தான் கண்ண மூடினான்னு. அவ்வளவுதான், லொறி திரும்பிப் போகும்.”

“அவ அப்படிச் சொல்லல.”

“செல்லல்லதான். செல்லியிருப்பா தானே? அவட மனசுல இருந்தது அதுதானே? மவுத்தான ஆளு எழும்பி வந்து இல்லண்டு செல்லப் போறாவா?”

ஸ்ரீதரன் வாழைமரத்தடியில் கிடந்த சிவந்த மாவைப் பார்த்தான். லொறியிலிருந்த சாக்குகளைப் பார்த்தான். உள்ளே போய் மறுபடி ஸ்பனரை எடுத்தான்.

“படிச்ச மடையன்” என்று ஸம்சுதீன் பின்னாலேயே வந்தார்.

முதல் நட்டு கழன்றது. கஜேந்திரன் அதைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வெற்றி வாயைக் கிளப்பிவிட்டது. “தங்கச்சி ஆத்மா இப்பத்தான் சாந்தியாகும்” என்றான் பெண்களுக்குக் கேட்க. “ஆஸ்பத்திரில அம்மாட்ட என்னா சொன்னா தெரியுமா? அண்ணனக் கைவிட்றாதீங்க, மில்ல அதுக்கே குடுங்கன்னா. அம்மா கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னா.”

“யாரு கையப் புடிச்சா?” புஷ்பம் பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். “நானுந்தான ஆஸ்பத்திரிக்கு வந்தேன்? ஒரு ஆளுக்குத்தான் உள்ள விடுவோம்னு கேட்டுல நிறுத்திட்டான். நானும் இந்தா மருதாயி அக்காவும் மரத்தடில குந்தியிருந்தோம். கடல வாங்கித் தின்னோம். என்னாக்கா, பேசுங்க? கடலக்காரனா வந்து சொன்னான்?”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு உடனே நின்றது. மருதாயியின் முகம் மாறிவிட்டிருந்தது. இத்தனை மாதமாக அவள் அதைப் புஷ்பம் இல்லாத இடமாகப் பார்த்து லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள். மகன் மனசுக்காகத் தொடங்கியது, சொல்லச் சொல்ல அவளுக்கே நடந்ததாகிப் போனது. இப்போது ஊர் முன்னால் அது உதிர்ந்து கிடந்தது. அவள் கோபத்தோடு திரும்பியது மருமகன் பக்கம்.

“ஆமா. என்னய விடல. இவனத்தான் உள்ள விட்டாங்க. பெத்தவ வெளிய, இவன் உள்ள.” அவள் பேச்சில் மரியாதை போய்விட்டது. “சொல்லு. நீதான இருந்த. எம்மக கடைசியா என்னா சொன்னா? மில்லப் பத்தி சொன்னாளா?”

ஸ்ரீதரன் ஸ்பனரைக் கீழே வைத்தான். வாசல் நிறைய ஆட்கள். ஸம்சுதீன் தலையை மேலும் கீழும் ஆட்டினார், சொல், சொல் என்பதுபோல. ஒரு வரிதான். மெஷின் இங்கேயே இருக்கும். உமி வேறு எங்காவது போகும். கலாவுக்குப் பிடித்த வரிதான் அது, அவளே சொல்லியிருக்கக் கூடியது.

“சொன்னா” என்றான்.

கஜேந்திரன் விறைத்தான்.

ஸ்ரீதரன் சொன்னான். அவள் சொன்னதை, அவள் சொன்னபடி, ஒன்றும் கூட்டாமல்.

ஸம்சுதீன் நெற்றியில் அடித்துக்கொண்டார். கஜேந்திரன் வாய்விட்டுச் சிரித்தான். “இதானா? இதச் சொல்லவா இவ்வளவு நேரம்? அம்மா, வாங்க, அடுத்த நட்டக் கழட்டச் சொல்லுங்க.”

மருதாயி சிரிக்கவில்லை. வாயைச் சேலை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

“அது அவ வாயிதான்” என்றாள். யாரையும் பார்த்தல்ல.

பிறகு மகனிடம் கையை நீட்டினாள். “நட்டக் குடு.”

“என்னாம்மா?”

“குடுடா.”

வாங்கிய நட்டை மருமகனின் கையில் தரவில்லை. அவன் முன்னால் தரையில் போட்டாள். “ஒன் மூஞ்சில முழிக்க எனக்குப் புடிக்கல. எம்மகளத் தின்ன மில்லு இது. இன்னைக்கு வேணாம், அவ்வளவுதான். நாளைக்கு என்னா செய்வேன்னு எனக்கே தெரியாது.” நடந்துபோய் லொறியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். கஜேந்திரன் போகிறபோக்கில் தகரப் பேணியை எட்டி உதைத்தான். அரிசி வாசல் வரை சிதறியது.

லொறி முடக்கில் திரும்பி மறைந்தது. ஸ்ரீதரன் நட்டைப் பொறுக்கி மாட்டினான். மெஷினைத் திறந்து சல்லடையை உருவினான். ஒவ்வொரு கண்ணிலும் காம்பு குத்தி நின்றது. ஈர்க்கால் ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்கத் தொடங்கினான். நோனா குந்தி, தரையில் சிதறிய அரிசியைப் பேணிக்குள் பொறுக்கினாள்.

“ஒரு பிடி பத்தாது,” என்றாள் புஷ்பம், கோபம் தீராமல். “பேணி அரிசியவும் போடுங்க. சாயப்பொடி பூந்திருக்கு உள்ள.”

அவனுடைய சட்டைக் கை விளிம்பில் மிளகாய்த் தூள் படிந்திருந்தது. அன்று வார்டிலும் அப்படித்தான் படிந்திருந்தது. திங்கட்கிழமை பின்னேரம். மில்லை அப்படியே சாத்திவிட்டு பஸ் ஏறி ஓடியிருந்தான். மஞ்சளாகிப்போன கண்களை அவள் கடைசி முறையாகத் திறந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள்.

“மொளகாச் சல்லடைய மாத்தாமத்தான வந்திருக்கீங்க? நாளைக்குச் செவ்வாக்கெழம. இங்க குந்தி என்னயப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, போயி மாத்துங்க.”